மலைநாட்டை மாற்றிய ஒரு செடி



ஒரு நாட்டின் வரலாற்றை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அரசர்களையும் போர்களையும் உடன்படிக்கைகளையுமே நாடிச் செல்வர். அரண்மனை வாயிலில் நிற்கும் வரலாறு அவர்கள் கண்ணுக்கு எளிதிற் புலப்படுகின்றது. காட்டின் நிழலில் நிற்கும் ஒரு செடிக்கும் வரலாற்றில் இடமுண்டு என்று அவர்கள் எண்ணுவது அரிது. எனினும், நம் இலங்கையின் மத்திய மலைநாட்டில் பெருங்காடுகள் வீழ்ந்ததற்கும், கொழும்பையும் கண்டியையும் புகையிரதப் பாதை இணைத்ததற்கும், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் கடல் கடந்து இங்கு வந்ததற்கும் ஒரு செடியே காரணமாயிற்று. அச்செடி இம்மலைகளில் தோட்டப் பயிராக ஆட்சி செலுத்திய காலம் ஏறக்குறைய அறுபது ஆண்டுகளே. பின்னர் அது மறைந்தது. அதன் பொருட்டு வந்த மக்களோ இங்கேயே நிலைத்தனர். கோப்பிச் செடியின் அந்த வரலாற்றையே இன்று எடுத்துரைக்க விழைகின்றேன்.

தமிழகத்தார் காப்பி என்பதை நாம் கோப்பி என்கின்றோம். கஃவா என்னும் அறபுச் சொல் பல மொழியினரின் வாய்ப்பட்டுத் திரிந்தே இவ்வடிவங்களை அடைந்தது. 1753 ஆம் ஆண்டிலே தாவரங்களுக்குப் பெயர் சூட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், இதனை அறபு நாட்டுக்குரிய செடி என்று கருதி, கொஃபியா அறபிக்கா எனப் பெயரிட்டார். உண்மையில் இதன் பிறப்பிடம் அறபு நாடன்று; செங்கடலுக்கு மறுகரையில் உள்ள எதியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகளே இதன் தாயகம். அங்கே உயர்ந்த மரங்களின் நிழலில், மூடுபனியும் ஈரமும் நிறைந்த மண்ணில், இது இயல்பாக வளர்கின்றது. நம் இலக்கியம் போற்றும் வெட்சிப் பூவின் குடும்பத்தைச் சேர்ந்ததே இச்செடியும். பளபளக்கும் கரும்பச்சை இலைகளின் கணுக்களில் வெண்ணிறப் பூக்கள் கொத்துக் கொத்தாக மலரும். வறண்ட நாட்களின் பின் ஒரு மழை பெய்தால் மலைச்சரிவு முழுவதும் ஒரே நாளில் வெண்மை போர்த்தது போலத் தோன்றும். மல்லிகையை நினைவூட்டும் மணம் காற்றிற் பரவும். இரண்டொரு நாளில் பூ உதிர்ந்துவிடும். பின்னர் எட்டு மாத அளவில் காய்கள் சிவந்து பழுக்கும். ஒவ்வொரு பழத்துள்ளும் இரண்டு வித்துக்கள் முகம் சேர்த்து அடங்கியிருக்கும்.

பதினைந்தாம் நூற்றாண்டில் யேமன் நாட்டுச் சூபி ஞானிகள் இரவு வழிபாட்டில் உறக்கம் வாராதிருக்கக் கோப்பிப் பானம் அருந்தினர் என்பர். அங்கிருந்து மக்கா, கெய்ரோ, இஸ்தான்புல் என்று அது பரவிற்று. மொக்கா என்னும் துறைமுகம் அதன் வாணிகத்தாற் புகழ் பெற்றது. இலங்கைக்கும் அறபு வணிகரே போர்த்துக்கேயர் வருகைக்கு முன்னர் இச்செடியைக் கொணர்ந்தனர் என்று, 1859 இல் இலங்கை பற்றிப் பெருநூல் வெளியிட்ட சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் எழுதியுள்ளார். அவர் தரும் செய்தியில் ஒன்று சுவையானது. இந்நாட்டுச் சிங்கள மக்கள் கோப்பி வித்தை வறுத்துப் பானமாக்க அறிந்திலர். அதன் இளந்தளிரைக் கறிக்குப் பயன்படுத்தினர். வெண்பூவை விகாரைகளிலே காணிக்கையாக வைத்தனர் என்பதே அது. உலகம் வித்துக்காகப் போட்டியிட்ட ஒரு செடியை, இத்தீவு மக்கள் அதன் பூவுக்காகப் போற்றினர்.

ஒல்லாந்தர் யாவாவிற் கோப்பிப் பயிரால் பெருஞ்செல்வம் ஈட்டியவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையிலும் அவர்கள் முயன்று பார்த்தனர். ஆனால் அவர்கள் கையில் இருந்தவை கரையோர மாகாணங்களே. கோப்பி விரும்பும் குளிர்ந்த மலைகள் கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்டிருந்தன. வெப்பமான தாழ்நிலத்தில் நட்ட செடி செழிக்கவில்லை. ஆகவே அவர்கள் கறுவாவோடு அமைந்தனர்.

1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. அதன் பின்னரே மலைகள் தோட்ட முதலாளிகளுக்குத் திறந்தன. 1823-24 இல் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கு அண்மையில் சின்னப்பிட்டிய என்னுமிடத்தில் முதற் கோப்பித் தோட்டத்தை உண்டாக்கினார். 1824 இல் தேசாதிபதியாகப் பொறுப்பேற்ற சேர் எட்வேட் பார்ன்ஸ் தாமே பேராதனைக்கருகில் கன்னொறுவையிலே தோட்டம் ஒன்றை அமைத்தார். கோப்பி மீதான ஏற்றுமதித் தீர்வையை அவர் நீக்கினார். கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி அமைக்கும் பணியை விரைவுபடுத்தினார். மலைநாட்டைப் படை வலியால் அடக்கி வைக்க எழுந்த வீதி, விரைவிலே கோப்பி மூடைகளை ஏற்றிச் செல்லும் மாட்டுவண்டிகளின் பாதையாயிற்று.

உலகின் வேறொரு மூலையில் நடந்த நிகழ்ச்சி இலங்கைத் தோட்டங்களுக்கு உயிரூட்டிற்று. 1833 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பால் விளைந்த கோப்பி வீழ்ச்சியுற்றது. 1835 இல் கிழக்கிந்தியக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் இறக்குமதித் தீர்வை சமமாக்கப்பட்டது. அடுத்து 1837 இல், ஜமெய்க்காவிலே பயிற்சி பெற்ற றொபேட் பொய்ட் ரைட்லர் என்பவர் அந்நாட்டுப் பயிர்ச் செய்கை முறைகளை இங்கு கொணர்ந்தார். அடிமைகள் விடுதலை பெற்றமை மானிட வரலாற்றின் நற்செய்தியே. ஆயினும் அவர்கள் விட்ட இடத்தை நிரப்பும் சுமை தமிழகத்து ஏழை மக்களின் தோள்மீது வந்து விழுந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

1840 ஆம் ஆண்டின் காணிச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட இயலாத காட்டையும் தரிசு நிலத்தையும் சேனை நிலத்தையும் முடிக்குரியவை எனக் கொள்ள வழி செய்தது. ஏக்கர் ஐந்து சிலிங் என்னும் விலையில் மலைச்சரிவுகள் விற்பனையாயின. அரசாங்க உயர் அதிகாரிகள், நீதிபதிகள், படைத் தலைவர்கள் எனப் பலரும் கோப்பி வேட்கை கொண்டு காணி வாங்கினர். நிலத்தை விற்கும் அதிகாரியே அதை வாங்கும் துரையாகவும் இருந்த விந்தை அக்காலத்துக்குரியது.

காடு அழிக்கப்பட்ட முறை கேட்போரை நடுங்கச் செய்யும். கோடரிக்காரர் மலையடிவாரத்தில் தொடங்கி மேல்நோக்கிச் செல்வர். ஒவ்வொரு மரத்தையும் பாதி வெட்டி நிறுத்துவர். உச்சியை அடைந்ததும் மேல் வரிசை மரங்களை மட்டும் முற்றாக வெட்டிச் சாய்ப்பர். அவை கீழுள்ளவற்றின் மேல் விழ, அவை தத்தம் கீழுள்ளவற்றின் மேல் விழ, ஒரு மலைச்சரிவின் காடு முழுவதும் பேரிடி போன்ற ஓசையுடன் சில நிமிடங்களிற் சரிந்துவிடும். சில வாரங்கள் உலரவிட்டுத் தீ மூட்டுவர். நூற்றாண்டுகளாக வளர்ந்த காடு சாம்பலாகி, அச்சாம்பலிலே கோப்பிக் கன்று நடப்பட்டது. தன் தாயகத்தில் மர நிழலை நாடி வாழ்ந்த செடி, இங்கே மரமற்ற மொட்டை மலையில் வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டது. அதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

இத்தோட்டங்களில் வேலை செய்தவர் யார்? கண்டிச் சிங்களக் குடியானவர் தமக்கெனச் சிறு வயலும் தோட்டமும் உடையவர். அவர்களே வீட்டுக் காணியில் கோப்பி நட்டு விற்று வந்தனர். நாட்டின் ஏற்றுமதியில் அவர்களின் பங்கு சிறிதன்று. கூலிக்காகத் துரைமாரின் தோட்டத்தில் நிரந்தரமாக உழைக்க அவர்கள் விரும்பவில்லை. ஆதலின் துரைமார் பாக்கு நீரிணைக்கு அப்பால் நோக்கினர். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் ஆகிய பகுதிகளில் நிலமற்ற மக்கள் பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் நலிந்திருந்தனர். கங்காணி ஒருவன் முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டுவான். அந்த முன்பணமே அவர்களைப் பிணிக்கும் முதற் கயிறாயிற்று. வழிச்செலவும் உணவும் கடனில் எழுதப்பட்டன. மலையில் கால் வைக்கும் முன்பே உழைப்பாளி கடனாளியாகிவிட்டான்.

அவர்கள் வந்த வழி இன்றும் நெஞ்சை வருத்துவது. தோணிகளிற் கடலைக் கடந்து, தலைமன்னார், அரிப்பு முதலிய கரைகளில் இறங்கி, வடபாதை என்று வழங்கிய காட்டுவழியே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று நடந்து மாத்தளையை அடைவர். நூறு மைலுக்கு மேற்பட்ட அந்நெடுவழியில் குடிநீர் அரிது, நிழற்சாலை அரிது, வனவிலங்கும் காய்ச்சலும் உடன் வந்தன. வாந்திபேதியும் அம்மையும் கண்டவர்களை உடன் வந்தோர் வழியோரத்தில் விட்டுச் செல்ல நேர்ந்தது. அவர்களின் பெயர்களைத் தாங்கிய கல்லறை எதுவும் அப்பாதையில் இல்லை. மலையை அடைந்தோரையும் குளிரும் அட்டையும் நோயும் எதிர்கொண்டன. தாழ்நில வெப்பத்திற் பிறந்து வளர்ந்தவர்கள், ஒற்றைத் துணியுடன், மழையொழுகும் லயங்களில் தங்கினர். அறுவடைக் காலம் முடிந்ததும் கையிற் கிடைத்ததை முடிந்துகொண்டு மீண்டும் அதே வழியே ஊர் திரும்பினர். கோப்பிக் காலத்து உழைப்பாளி பெரும்பாலும் பருவத்துக்கு வந்து போகும் பறவையைப் போன்றவனாகவே இருந்தான்.

1847 இல் பிரித்தானியாவில் எழுந்த பணநெருக்கடியால் கோப்பி விலை சரிந்தது. பல தோட்டங்கள் கைமாறின. ஆனால் 1850 களில் தொழில் மீண்டெழுந்தது. 1867 இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. 1870 அளவில் ஆண்டுக்கு ஒரு மில்லியன் அந்தர் கோப்பி கப்பலேறியது. 1878 இல் கோப்பி விளைந்த நிலம் ஏறக்குறைய 275,000 ஏக்கர் என்பர். கொழும்பில் வங்கிகளும் ஏசன்சிக் கம்பனிகளும் பெருகின. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்தினர். யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் ஆங்கிலக் கல்வி கற்று, தோட்டங்களில் கிளாக்கராகவும் கண்டக்டராகவும் அமர்ந்தனர். 1869 இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய கோப்பிக் கிருஷிக் கும்மி என்னும் நூல் வெளிவந்தது. கோப்பிப் பயிர்ச் செய்கையைத் தமிழிற் பாடிய அந்நூல், மலைநாட்டு இலக்கியத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக இன்று எண்ணப்படுகின்றது.

விதியின் விளையாட்டு என்று சொல்லத் தோன்றுகின்றது. கும்மி பிறந்த அதே 1869 ஆம் ஆண்டிலேதான் கோப்பியின் காலனும் வந்து சேர்ந்தான். ஊவாவில் மடுல்சீமைத் தோட்டமொன்றில் இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்த புள்ளிகள் காணப்பட்டன. அவ்விலைகள் வாடி உதிர்ந்தன. பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த துவெயிற்ஸ், மாதிரிகளை இங்கிலாந்திலிருந்த பூஞ்சண அறிஞர் பார்க்லிக்கு அனுப்பினார். பார்க்லி அதனை அறிவியல் அதுவரை அறியாத புதிய பூஞ்சணம் என்று கண்டு, ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் பாழாக்குவது என்று பொருள். பெயரிட்டவர் அதன் எதிர்காலத்தையும் அப்பெயரில் எழுதிவிட்டார் எனலாம்.

துவெயிற்ஸ் விடுத்த எச்சரிக்கைக்குத் தோட்டக்காரர் போதிய செவி சாய்க்கவில்லை. நோய் மரத்தை உடனே கொல்வதன்று. இலை உதிரும், மீண்டும் துளிர்க்கும், மறுபடியும் உதிரும். ஆண்டுக்காண்டு மரம் நலிந்து காய் குறையும். 1870 களில் உலகச் சந்தையில் கோப்பி விலை உயர்ந்திருந்தமையால், விளைச்சல் குறைந்தும் வருமானம் பெரிதும் குறையவில்லை. ஆதலால் நோயை ஒரு பருவக் கோளாறு என்று எண்ணித் தோட்டக்காரர் மேலும் காடழித்து மேலும் கோப்பி நட்டனர். இலாபம் கண்ணை மறைக்கும்போது அறிவின் குரல் காதில் விழுவதில்லை.

1880 இல் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் ஆய்வாளர் அரசாங்கத்தால் இங்கு அழைக்கப்பட்டார். கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் நிறுத்தி, காற்றில் மிதந்து வரும் நுண்வித்துக்களை அவர் பிடித்துக் காட்டினார். இலைமேல் தங்கும் நீர்த்துளியில் அவ்வித்து முளைத்து, இலைத்துளை வழியே உட்புகுந்து, உள்ளிருந்தே இலையை உண்கின்றது என்பதை நிறுவினார். மண்ணோ மழையோ எருவோ நோய்க்குக் காரணமல்ல என்று தெளிவாயிற்று. தடையாக ஒரு மரவரிசையுமின்றி மலைக்கு மலை ஒரே செடியை நட்டமையே காற்றில் வந்த பகைக்குக் கதவு திறந்தது என்பதையும் அவர் ஆய்வு உணர்த்திற்று. ஆனால், உட்புகுந்துவிட்ட நோயைப் போக்கும் மருந்து அவரிடம் இல்லை. மருந்தை எதிர்பார்த்தவர்க்கு அவர் தந்த விளக்கம் ஏமாற்றமே அளித்தது. 1882 இல் அவர் நாடு திரும்பினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1885 இல், பிரான்சு நாட்டு அறிஞர் மில்லார்டே, துருசும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையின் ஆற்றலை வெளியிட்டார். இலங்கைக் கோப்பிக்கு அது காலங்கடந்த செய்தி.

வீழ்ச்சி விரைவாகவே வந்தது. கடன்பட்ட தோட்டங்கள் ஏலத்துக்கு வந்தன. துரைமார் பலர் கப்பலேறினர். 1884 மே மாதத்தில் ஓரியன்ரல் வங்கி கதவடைத்தது. அவ்வங்கியின் தாள்களே நாட்டிற் பெரிதும் பணமாகப் புழங்கியமையால் மக்கள் கலங்கினர். தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என அறிவித்து, கலக்கத்தைத் தணித்தார். துரைமாரின் நட்டத்தைப் பற்றி எழுதிய ஏடுகள் பல. மாதக்கணக்கில் நிலுவையாய் நின்ற கூலியைப் பெறாமலே தோட்டம் மாறிய உழைப்பாளியின் நட்டத்தைப் பற்றி எழுதியவை சில. வீட்டுத் தோட்டத்துக் கோப்பியை நம்பியிருந்த கண்டிக் குடியானவரும் கைக்காசு வரும் வழியை இழந்தனர்.

கோப்பி விட்ட இடத்தில் முதலிற் சிங்கோனா நடப்பட்டது. கொயினா மருந்துக்குரிய அதன் பட்டை மிகுதியாக விளையவே விலை வீழ்ந்தது. இறுதியில் நிலைத்தது தேயிலை. 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் நட்ட தேயிலை, இருபதாண்டுகளின் பின் மலைநாடெங்கும் பரவியது. இவ்விடத்திலே ஒரு முக்கியமான மாற்றத்தை நேயர்கள் கவனித்தல் வேண்டும். கோப்பிக்கு ஆட்கள் பெருமளவில் வேண்டப்பட்டது பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே. தேயிலைக் கொழுந்தோ வாரந்தோறும், ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. ஆகவே பருவத்துக்கு வந்து போன ஆண்கள் கூட்டத்தின் இடத்தில், பெண்களும் பிள்ளைகளும் கொண்ட குடும்பங்கள் லயங்களில் நிலையாகத் தங்கின. வந்து போன பறவைகள் கூடு கட்டின. ஒரு பூஞ்சணம் ஒரு செடியை வீழ்த்தியமை, ஒரு மக்கட் கூட்டத்தை இந்நாட்டின் நிலையான குடிகளாக்கிற்று.

எனினும், குடிகளாய் வாழ்ந்தோரைக் குடிகள் என ஏற்க நாடு நெடுங்காலம் தயங்கியது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003 இல் இயற்றப்பட்டது. சின்னப்பிட்டியவில் முதற் கோப்பி நட்ட நாளிலிருந்து கணக்கிட்டால், அது நூற்றெண்பது ஆண்டுகள் தாழ்ந்து வந்த நீதி. 2023 இல், இருநூறாண்டு நிறைவை நினைவுகூர்ந்து, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை தம் முன்னோர் நடந்த வழியே நடந்து சென்றனர். கல்லறையில்லாதோருக்கு அந்நடையே நினைவுச் சின்னமாயிற்று.

காடும் இவ்வரலாற்றில் ஒரு தரப்பே. 1873 இல் இங்கிலாந்தின் கியூ பூங்காத் தலைவர் ஹூக்கர் வழங்கிய அறிவுரையின் பயனாக, 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழிப்பது தடுக்கப்பட்டது. ஹோட்டன் சமவெளியும் அதைச் சூழ்ந்த காடுகளும் இன்று எஞ்சியிருப்பதற்கு அவ்வறிவுரையும் ஒரு காரணம். பல ஆறுகள் அம்மலைகளிலேயே பிறக்கின்றன என்பதை எண்ணினால் அதன் பெருமை விளங்கும்.

இலைத்துரு நோய் இலங்கையோடு நின்றுவிடவில்லை. தென்னிந்தியா, யாவா என்று பரவி, 1970 இல் அத்திலாந்திக் கடலைக் கடந்து பிரேசிலிலும் தோன்றியது. 2012 இல் மத்திய அமெரிக்க நாடுகளின் கோப்பித் தோட்டங்களைப் பெரிதும் தாக்கியது. நோயைத் தாங்கும் இனங்களை உண்டாக்க முயலும் அறிஞர் காட்டுக் கோப்பிச் செடிகளையே நாடுகின்றனர். ஆனால், 2019 இல் கியூ அறிஞர் வெளியிட்ட ஆய்வின்படி, உலகிலுள்ள 124 கோப்பி இனங்களுள் 75 அழிவை எதிர்நோக்குகின்றன. எதியோப்பியக் காட்டில் இயல்பாக வளரும் அறபிக்காவும் அவற்றுள் ஒன்று. காட்டிற் பிறந்த செடிக்காக நாம் காட்டை அழித்தோம். இன்று அச்செடியைக் காக்கும் வழியையும் காட்டிலேயே தேட வேண்டியிருக்கின்றது.

கண்டிப் பகுதி வீட்டுத் தோட்டங்களிலே, பலாவின் நிழலிலும் கமுகின் நிழலிலும், இன்றும் கோப்பிச் செடிகள் நிற்கின்றன. மழை பெய்த மறுநாள் அவை பூக்கின்றன. அப்பூவின் வெண்மையைக் காண்போர், வடபாதையில் நடந்து மலையேறிய மக்களையும், ஊர் திரும்பாமலே அவ்வழியில் வீழ்ந்தவர்களையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பாராயின், அது அவர்களுக்கு நாம் செலுத்தும் சிறு கடனாகும்.